மாலை விழுந்த போர்க்கப்பல்

மலேசியாவில், புந்தோங்கிலிருந்து ஈப்போ டவுனுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார்: "ஜப்பான்காரன் போர்க்கப்பலுக்கு எங்கம்மா மாலை போட்டுட்டாங்க லா."

"கப்பல் படப் பைத்தியத்துல அத ஹால்ல மாட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்."

"அவங்க தாத்தா ஊர்லேருந்து ஏறி வந்த கப்பல்னு நெனச்சிட்டாங்க."

"பீரங்கி தெரியலயா?"

"சாமான் தூக்குற கம்பம்னு நெனச்சிருப்பாங்க."

"அந்தத் தாத்தாவத்தானே சண்டக் காலத்துல ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனான்? திரும்பியே வரலயே. இன்னிக்கே கழட்டிடுங்க."

அவர் மணியை அழுத்தினார். பஸ் நின்றும் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தார்.

"எப்படிக் கழட்டுறது? தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல, இந்தக் கப்பலயாச்சும் கும்புட்டுக்கிறேன்னு பொட்டு வச்சிட்டு அழுறாங்க."