அத்தை பேசியது

...பேசுங்கன்னா எங்க வீட்டுப் பெரியவங்க பேச மாட்டேங்கறாங்க சார், அதான் பிரச்சன! வாய நல்லாத் தெறங்க. இன்னும்... ஆங், போதும். பல்லுக்கு ஊசி போட்டாச்சு, நாக்கு மரத்துப் போயிருக்கும். நீங்க பேச வேணாம், கேட்டா போதும்.

என் தங்கச்சி பொண்ணு சொன்னா, "மாமா, நம்ம குடும்பக் கதையெல்லாம் போன்ல பதிஞ்சு வைங்க, நாளைக்கு எங்க புள்ளைங்க கேக்கணும்"னு. நல்ல விஷயந்தானே? கெளம்பிட்டேன். மொதல்ல சின்ன மாமா. தாத்தா என்ன வேல பாத்தார்னு கேட்டா, கூலிங் கிளாஸப் போட்டுக்கிட்டு வந்து ஒக்காந்து, தன்னோட ரத்தக் கொதிப்பப் பத்தியே பேசறார்! பெரியம்மா அதுக்கு மேல. "எல்லாரும் நல்லவங்கதான்." அவ்ளோதான், முடிஞ்சுது. போன அணைச்சப்புறம் அதே நல்லவங்கள ஒவ்வொருத்தரா கிழிகிழின்னு கிழிச்சாங்க பாருங்க... நாக்க உள்ள இழுங்க சார், மெஷினுக்குக் குறுக்க வருது.

கடைசியா அத்தை. எங்கப்பாவுக்கு அக்கா. எனக்குப் பால்பல்லு விழறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார். அவரோட சின்ன வயசு தெரிஞ்ச ஒரே ஆளு இவங்கதான். இவங்களும் கம்முனு இருந்தாங்க சார்! "வாயத் தெறந்தா முத்தா உதிர்ந்துடும் அத்தை?"ன்னு கோவிச்சுக்கிட்டே வந்துட்டேன். பதிஞ்சத அப்படியே தங்கச்சி பொண்ணுக்கு அனுப்பினேன். அவ கேட்டுட்டு, "மாமா, இதுல அத்தைப்பாட்டி எங்க?"ங்கறா.

போட்டுக் கேட்டேன். பூராவும் என் குரல்! அத்தை, "உங்கப்பன் ஒரு நாளு..."ங்கறாங்க. நான், "தெரியும் தெரியும், சைக்கிள் கததானே, அம்மா சொல்லியிருக்கு"ன்னு நானே சொல்லி முடிக்கறேன். "அது இல்லடா"ங்கறாங்க. "அப்ப அந்த நாய் கத"ங்கறேன். அதுவும் இல்லியாம். சரி, எதுன்னு கேக்கணும்ல? கேக்கல சார். பல்லு எப்படித் தேய்க்கணும்னு அவங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

மறுபடியும் போய் ஒழுங்காக் கேப்போம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பக்கவாதம் வந்துடுச்சு. ஆள் பொழச்சுட்டாங்க... பேச்சு போயிடுச்சு. என்ன சார், வலிக்குதா? வலிக்காதே... கண்ணுல தண்ணி வருதே. இந்தாங்க, தொடச்சுக்கங்க.

நேத்து போயிருந்தேன். பழக்க தோஷம், போன ஆன் பண்ணி எதுத்தாப்ல வச்சுட்டேன். அத்தை என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்ல ஆரம்பிச்சாங்க. வெறும் சத்தந்தான் சார், ஒரு வார்த்தை வெளங்கல. ஆனா அவங்களுக்கு எல்லாமே தெரியுது. நடுவுல சிரிக்கறாங்க, என் தோள்ல அடிக்கறாங்க, ஒரு எடத்துல கண்ண மூடிக்கறாங்க, மறுபடி சிரிப்பு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அழுகைய அடக்க முடியல.

கொப்பளிச்சுத் துப்புங்க.

அதையும் தங்கச்சி பொண்ணுக்கு அனுப்பிட்டேன். எங்கப்பா கத சார், முழுசா இருக்கு. நடுவுல நான் ஒரு வார்த்த பேசல.