ஐந்து கே.வி.ஏ. போதும்

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வீட்டில் ஓடும் சாமான்களின் வாட்டையெல்லாம் கூட்டுவார்கள். வந்த எண்ணைவிடக் கொஞ்சம் பெரிய மெஷினை வாங்கிவிடுவார்கள். தண்ணீர் மோட்டார் ஓடும்போது இழுப்பது வேறு, கிளம்பும்போது இழுப்பது வேறு. நின்றுகொண்டிருப்பதைச் சுழலவைக்க மூன்று மடங்கு மின்சாரம் வேண்டும். ஒரு விநாடிக்குத்தான். அந்த ஒரு விநாடிக்கு ஜெனரேட்டரிடம் அது இல்லையென்றால் பிரேக்கர் விழுந்துவிடும்.

இதை நான் முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக்கில் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

நேற்று கரீமுல்லாவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆறு மணி நேரம் உட்காரவைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் சாவுக்குச் சின்ன ஜெனரேட்டரை விற்றவன்தான் காரணம் என்று என் மகள் வர்ஷினி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாள். கரீமுல்லா ஜெயிலுக்குப் போகக்கூடாது. அதனால்தான் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் விஜயராகவன். வயது எழுபத்தொன்று. மந்தைவெளியில் சொந்த வீடு. என் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு நான்கு வருஷமாக நுரையீரல் இறுகிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் பத்து நிமிஷம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் ஹாலில் இருந்தது. பதினைந்து மீட்டர் குழாய். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆரம்பத்தில் சமையலறைவரை போய்வந்தாள். கடைசி ஒரு வருஷம் கட்டிலோடு சரி.

போன டிசம்பர் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வர்ட்டர் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்தது. மீதி நேரத்தை சிலிண்டர் வைத்துச் சமாளித்தோம். "ஜெனரேட்டர் வாங்குப்பா" என்றாள் வர்ஷினி. கரீமுல்லாவைக் கூப்பிட்டேன். அவன் என் பழைய மாணவன். இப்போது ஐம்பது வயதாகிறது, கிண்டியில் ஜெனரேட்டர் வியாபாரம். என் முன்னால் இன்னும் நாற்காலியில் சாய்ந்து உட்காரமாட்டான்.

நான் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். ஆக்சிஜன் மெஷின் முந்நூற்றைம்பது. அவள் அறை ஏ.சி. ஆயிரத்து அறுநூறு. பிரிட்ஜ் இருநூறு. விளக்கு, மின்விசிறி நானூறு. தண்ணீர் மோட்டார் ஆயிரம். மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்றைம்பது வாட். ஐந்து கே.வி.ஏ. மெஷின் நாலாயிரம் கொடுக்கும். அடியில் கோடு போட்டு, 'ஐந்து போதும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

கரீமுல்லா அதை இரண்டு தரம் படித்தான்.

"சார், மோட்டார் எடுக்கும்போது மூவாயிரம் இழுக்குமே. ஏழரை போட்டுடலாம் சார்."

"சந்துல இடமில்லப்பா. ஏழரை உள்ள நுழையாது."

"இதே கணக்குல ஸ்டார்ட்டிங் கரண்ட்ட விட்டதுக்குத்தான் சார் எனக்கு முட்டை போட்டீங்க. எங்க நைனா அந்தப் பேப்பர வச்சு ஒரு வாரம் ஓட்டினாரு."

"அது ஃபேக்டரிக்கு. வீட்டுக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டான். அதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டேன். ஜெனரேட்டர் வைக்கும் பக்கச் சந்தின் அகலத்தை நான் முன்பே அளந்திருந்தேன். ஏழரை நுழையும். நான்கு அங்குலம் மிச்சம் இருக்கும்.

பழைய இன்வர்ட்டரை அவனையே எடுத்துப்போகச் சொன்னேன். புது பேட்டரி போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தான். ஜெனரேட்டர் வந்த பிறகு இரண்டு எதற்கு என்றேன். ஜெனரேட்டரை மாட்டிய அன்று எல்லாவற்றையும் ஓடவிட்டுக் காட்டினான். மோட்டாரை மட்டும் போடவில்லை. கீழ்த்தொட்டியில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் வர்ஷினி அம்மாவை ஆம்புலன்ஸில் அடையாறுக்கு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போட்டேன். எல்லாவற்றையும் ஓடவிட்டேன். பிறகு மோட்டார் சுவிட்சைத் தட்டினேன். பிரேக்கர் விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் விழுந்தது. அப்படி விழும்போது இன்ஜின் நிற்பதில்லை. வெளியே ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். உள்ளே எதுவும் இருக்காது.

ஏப்ரலில் சிலிண்டரை நிரப்பக் கொடுத்தேன். எடுத்துப்போகச் சொல்லிக் கடையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. நான் போகவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள்.

அவள் வேதனையைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னால் உங்களுக்கு எழுத எளிதாக இருக்கும். அது உண்மை இல்லை. அவளுக்குப் பெரிய வேதனை இல்லை. இப்படியே இன்னும் நான்கைந்து வருஷம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வர்ஷினி சந்தோஷத்தில் அழுதாள். நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன்.

அந்த மெஷின் ஆறு விநாடிக்கு ஒருமுறை மூச்சுவிடும். புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு ஒரு டக். நான்கு வருஷம் அதைக் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பூஜை மணி ஒன்று வைத்திருந்தாள். அதை அடித்தால் நான் போகவேண்டும். அவளைப் பார்த்துக்கொள்ள வந்த இசக்கியம்மாள் போனால் ஆகாது. "நான் போனா அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. புது மாப்பிள்ளை கணக்கா நீங்களே ஓடுங்கய்யா" என்று அவள் சிரிப்பாள். போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. "எங்க இருக்கேள்னு பாத்தேன்" என்பாள் சுப்பு.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்காவில் போய் உட்காருவது என் வழக்கம். அது நின்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்காத ஒரு வீடு எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்லி முடித்ததும் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படித் தெரியவில்லை.

மே பதினேழாம் தேதி. விடியற்காலையில் தெருவில் கேபிள் எரிந்து கரண்ட் போனது. நான் எழுந்து ஜெனரேட்டரைப் போட்டேன். ஏ.சி., பிரிட்ஜ், மெஷின் எல்லாம் ஓடின. வர்ஷினி இருப்பது வேறு வீட்டில். இசக்கியம்மாள் ஆதம்பாக்கத்திலிருந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆறரை மணிக்கு மெட்ரோ தண்ணீர் வரும். அது கீழ்த்தொட்டியில் விழ விழ மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிவிட வேண்டும். கீழ்த்தொட்டி சின்னது, நிரம்பிவிட்டால் மேற்கொண்டு வருவது நமக்கில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நேரத்தைக் கணக்கு வைத்திருந்தவள் அவள்தான். கட்டிலில் விழுந்த பிறகும் விடவில்லை.

ஆறரைக்கு மணி அடித்தாள். போனேன்.

"தண்ணி வந்துடுத்தா?"

"வந்துடுத்து."

"மோட்டார் போட்டேளா?"

"ஜெனரேட்டர்ல ஓடறது, சுப்பு. இப்பவே போடணுமா?"

"பின்ன எப்போ போடுவேள், நாளன்னிக்கா? அசடு மாதிரி நிக்காம போய்ப் போடுங்கோ."

இன்னொரு தடவையும் கேட்டேன். போடச் சொன்னாள். இரண்டு தடவை கேட்டேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பின்கட்டுக்குப் போய் சுவிட்சைத் தட்டினேன். மின்விசிறி நின்றது. ஆக்சிஜன் மெஷின் கத்த ஆரம்பித்தது. கரண்ட் போனால் அது பீப் பீப் என்று கத்தும். இரண்டு அறை தள்ளியும் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். நான் மோட்டாரை அணைத்துவிட்டுச் சந்துக்கு வந்து ஜெனரேட்டர் முன்னால் நின்றேன். விழுந்த பிரேக்கரை ஒரு விரலால் தூக்கிவிடலாம். விரலை வைத்தேன். தூக்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. அவசரமாக அடிக்கவில்லை. எப்போதும் போலத்தான் அடித்தாள். ஆறு முறை அடித்தது. ஏழாவது பாதியில் நின்றது. கீழே விழுந்திருக்கவேண்டும், உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் நின்றேன். பிறகு பிரேக்கரைத் தூக்கினேன். பீப் சத்தம் நின்றது. புஸ், டக்.

இப்போது அந்த மெஷின் வீட்டில் இல்லை. ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டேன். சத்தம் போகவில்லை. ஆறு விநாடிக்கு ஒருமுறை வருகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆறரைக்கு உள்ளேயிருந்து கேட்கிறாள், போட்டேளா என்று. போய்ப் போடுகிறேன். போடவேண்டாத நாளிலும் போட்டுவிடுகிறேன். மாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். பூங்காவுக்கு ஒரு நாள் போனேன். பத்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. அவள் தேடுவாள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் கரீமுல்லா வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் இன்னும் அழுத்திச் சொல்லிருக்கணும் சார். என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்றான். நான் எழுதிக் கொடுத்த பட்டியல் அவனிடம்தான் இருக்கிறது. நேற்று ஆறு மணி நேரத்தில் அதை அவன் உங்களிடம் காட்டவில்லை என்று நினைக்கிறேன். காட்டமாட்டான். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவன் கணக்கில் தப்பில்லை. என் கணக்கிலும் தப்பில்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஏ.சி.யையும் பிரிட்ஜையும் அணைத்துவிட்டால் ஐந்து கே.வி.ஏ.யிலேயே அந்த மோட்டார் எடுக்கும். மெஷின், விளக்கு, விசிறி எழுநூற்றைம்பது, மோட்டார் கிளம்ப மூவாயிரம். நாலாயிரத்துக்குள் வந்துவிடுகிறது. அன்று பிரேக்கரைத் தூக்கிய பிறகு அப்படித்தான் செய்தேன். அவள் சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. தண்ணீர் நன்றாக வந்தது. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். உள்ளே போய், கீழே கிடந்த மணியை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். தொட்டி ரொம்பிடுத்து, சுப்பு, என்று சொன்னேன். சொல்லாவிட்டால் அவளுக்கு நிம்மதி இருக்காது.