அஞ்சு தண்ணி கழுவுன உமரி

— சாக்கை அப்படியே மடிச்சு எடுத்துக்குனு போயிடு தம்பி. இனிமே ஒரு தழைகூட பறிச்சுத் தர மாட்டேன்.

— பொன்னிக்கா, இந்தத் தடவ உமரிக் கீரை இல்ல. வேற செடி. அதோ, வாய்க்கா ஓரமா இருக்குதே, அது. லேப்ல கேக்குறாங்க.

— உங்க லேப்புக்கு மரக்காணம் உப்பளத்த வுட்டா வேற இடமே கிடைக்கலியா?

— டெங்குக்குன்னு இன்னி வரைக்கும் தனியா ஒரு மருந்து கிடையாதுக்கா. அதான் ஒவ்வொரு செடியா டெஸ்ட் பண்றோம்.

— பண்ணு, நல்லா பண்ணு. நான் பாத்தி மிதிக்கணும். மேஸ்திரி பாத்தா கத்துவான்.

— அண்ணன் எங்க? அந்தாண்ட பாத்தில இருக்காரா?

— அவரு செத்து நாலு மாசம் ஆவுது.

— அக்கா! பலராமண்ணனா? எனக்கு யாருமே சொல்லலியே. எப்படிக்கா?

— நீ மருந்து தேடுறியே, அந்த ஜொரம்தான்.

— ஆஸ்பத்திரிக்குப் போகலியா?

— அஞ்சாம் நாளு ஆட்டோல போட்டு புதுச்சேரிக்கு எடுத்துக்குனு போனேன். அதுக்கு முன்னாடி நாலு நாளு வூட்லயே வெச்சு உமரி கஷாயம் குடுத்தேன்.

— உமரியா? யாருக்கா அத குடுக்கச் சொன்னது?

— இன்னா கேக்குற நீ? ஆனி மாசம் போன் பண்ணி, ‘ஜெயிச்சிட்டோம்க்கா, நீங்க பறிச்ச உமரி சாறுல டெங்கு கிருமி செத்துப்போச்சு’ன்னு குதிச்சது யாரு? ஸ்பீக்கர்ல போட்டு அவரும் கேட்டாரு. ‘என் பொண்டாட்டி பறிச்ச செடி’ன்னு களத்துல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிக்கினாரு. பக்கத்து ஊரு பிரம்மதேசத்துப் புள்ள, படிச்ச புள்ளன்னு உன்ன நம்பினோம்.

— ஐயோ, அது லேப்ல, ஒரு சின்ன தட்டுலக்கா. ஆக்சுவலா மனுஷனுக்குக் குடுக்கறதுக்கு இன்னும் எவ்ளோ வருஷம்...

— அந்தத் தட்டு வெவகாரமெல்லாம் அன்னிக்கு நீ சொல்லல.

— தப்புதான்க்கா.

— உன் தப்பு கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு. நாலு மாசமா தூக்கம் இல்ல.

— கேளுங்க.

— சாம்பிள் எடுக்கறப்போ, ‘கழுவாதீங்க, மண்ணோட உப்போட சாக்குல போடுங்க’ன்ன. நான் அவருக்குக் காய்ச்சறப்போ அஞ்சு தண்ணி கழுவினேன் தம்பி. கீரைக்கு அப்படித்தான் பண்ணுவோம். இல்லன்னா வாயில வெக்க முடியாது, அவ்ளோ கரிக்கும். கைப்பழக்கம். மருந்தெல்லாம் அந்தத் தண்ணிலயே போயிடுச்சா? நான்தான் கீழ கொட்டிட்டேனா?

— இல்லக்கா.

— எனக்காகச் சொல்லாத.

— சத்தியமா இல்ல. அந்தச் செடில மருந்தே கிடையாது. திரும்ப டெஸ்ட் பண்ணோம். சாறுல உப்பப் பிரிச்சு எடுத்துட்டு ஊத்தினா, கிருமி சாவல. மொதல்ல கொன்னது வெறும் உப்புதான்.

— உப்பா? நான் மிதிக்கிற இந்த உப்பா?

— ஆமாங்க்கா. மொதல்லயே நாங்க கவனிச்சிருக்கணும். நீங்க கழுவினாலும் ஒண்ணுதான், கழுவலன்னாலும் ஒண்ணுதான்.

— அப்ப நான் கொட்டுனதால அவரு சாவல.

— இல்லவே இல்லக்கா.

— ஐயோ சாமி... இதக் கேக்கத்தான் உசுரோட இருந்தேன் தம்பி. மருந்த நான்தான் கழுவிக் கொட்டிட்டேன்னு என் மாமியா இன்னி வரைக்கும் என் கையால சோறு வாங்கித் துன்ன மாட்டேங்குது. நீ வந்து அதுங்கிட்ட ஒரு வார்த்த சொல்றியா?

— வர்றேன்க்கா. கண்டிப்பா சொல்றேன். அழாதீங்க.

— அழுவுறேன் வுடு. ஆமா, வெறும் உப்புன்னு எப்ப தெரிஞ்சிது?

— அது... ஆவணில.

— அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?

— வெக்கமா இருந்துச்சுக்கா. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன்.

— ஐப்பசில, அவருக்கு ஜொரம் வந்த மொத நாளு, நானே உனக்குப் போன் பண்ணேன், தம்பி. உமரி வேரோட வேணுமா, தழை மட்டும் போதுமான்னு கேட்டேன். ‘தழை போதும்க்கா, மீட்டிங்ல இருக்கேன்’னு வெச்சிட்ட. அப்ப அடுப்புல தண்ணி கொதிச்சுக்குனு இருந்துச்சு.