செந்தில்வேலின் பழைய குரல்

டீக்கடையை மாற்றினாலே எனக்கு அன்று முழுக்கத் தலைவலிதான், மேடம். பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஒரே கடையில்தான் வருஷக்கணக்காகக் குடிக்கிறேன். மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தால் அன்றைக்கு டீயே கிடையாது. என் மனைவி சித்ரகலா இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாலும் பழையது கிழியும்வரை தொடமாட்டார் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்லத்தான் போகிறேன். என் சுபாவம் தெரியாமல் கேட்டால் தப்பாக நினைத்துவிடுவீர்கள் என்றுதான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெயர் மகுடேஸ்வரன். ரைசிங் பட்டறை வைத்திருக்கிறேன். குளிருக்குப் போடுகிற பனியன் துணி ஜாக்கெட்டின் உட்புறம் மெத்தென்று இருக்கிறதே, அது தானாக வருவதில்லை. கம்பிப் பல் வைத்த உருளைகளில் துணியை ஓடவிட்டு, நூலைக் கீறிக் கீறிப் பஞ்சாக எழுப்ப வேண்டும். அதுதான் ரைசிங். எழுகிற பஞ்சு துணியிலும் நிற்கும், காற்றிலும் பறக்கும். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் ஒரு துண்டுத் துணியைத் தடவிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். அப்ரூவல் சாம்பிள் என்போம். அப்புறம் லாரி லாரியாக ஓடினாலும் ஒவ்வொரு ரோலும் அந்தத் துண்டு மாதிரியே வர வேண்டும். அதைவிட மிருதுவாக வந்தாலும் ரிஜெக்ட்தான். நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாட முடியாது. நான் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவேன். இந்த வட்டாரத்தில் என் கை மாதிரி கை கிடையாது என்று போட்டிக் கம்பெனிக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

செந்தில்வேல் என்னிடம் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவிநாசிபாளையத்துப் பையன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஒரு நாள் மதியம் கரண்ட் போய் மிஷின்களெல்லாம் நின்றுவிட்டன. அவன் மட்டும் நிற்கவில்லை, பாடிக்கொண்டே இருந்தான். இரைச்சலுக்குள் பாடிப் பழகியவனுக்கு இரைச்சல் நின்றது உறைக்கவே இல்லை. அந்தக் குரலை எப்படிச் சொல்வது? புதுத் துணியை இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தால் ஒரு சத்தம் வருமே, அதில் ராகம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அவனும் பிரிண்டிங் பட்டறைத் தமீமும், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் ரித்தீஷும் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்துகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் ‘ஒன்றரை ஷிப்ட்’. காலையில் போனால் ராத்திரி திரும்புகிற அந்த ஒன்றரை ஷிப்டில்தான் இந்த ஊரே பிழைக்கிறது, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். தமீம் டிரம்ஸ், ரித்தீஷ் கிடார். நான் முருகன் பாட்டு கேட்டு வளர்ந்தவன், ராக் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவர்களுடைய முதல் ஆல்பம் ‘சனிக்கிழமை’ வந்த நாளிலிருந்து என் காரில் வேறு எதுவும் ஓடியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸுக்கு என் குடோனைக் கொடுத்தேன். கோயம்புத்தூர், சென்னை என்று எங்கே கச்சேரி நடந்தாலும் முன்வரிசையில் நரைத்த தலையோடு நான் நிற்பேன். என் வயசுக்காரர்கள் வீடு கட்ட சைட் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

செந்தில்வேலுக்கு இருமல் இருந்தது. ரைசிங்கில் நிற்கிற யாருக்கும் இருப்பதுதான். கல்யாணமானதும் அவன் மனைவி தேஜஸ்ரீ அந்த இருமலையே பெரிய விஷயமாகப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு வேலையே வேண்டாம் என்று சொல்லி ஒரு செல்போன் கடையில் சேர்த்துவிட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். “நெஞ்சு செரியாவட்டுமுங்ணா, அப்பறம் பாட்டு எப்பிடி வருதுன்னு பாருங்க.” நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தேன். எதை அனுப்பி வைக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு இன்ஸ்டாகிராமில் அறிவிப்பு வந்தது. இரண்டாவது ஆல்பம் வருகிறது, எங்கள் சத்தம் மாறுகிறது என்று போட்டிருந்தார்கள். மாற்றம் என்றதுமே நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, மேடம், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கல்யாண நாளுக்குக் காத்திருக்கிற பெண் வீட்டுக்காரன் மாதிரி காத்திருந்தேன். இன்னும் வேகமாக இருக்குமா, நாதஸ்வரம் சேர்ப்பார்களா என்று ரசிகப் பிள்ளைகள் கமெண்டில் அடித்துக்கொண்டார்கள், நானும் அதில் போய் எழுதினேன். ஜிப் மாறலாம், பட்டன் மாறலாம், லேபிள் மாறலாம், துணி மாறாது அல்லவா? அந்த நம்பிக்கையில் இருந்தேன். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனில் தமீம் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். யாரோ பாடுகிறான் என்று நினைத்தேன். பளபளவென்று விளக்கி வைத்த டம்ளர் மாதிரி ஒரு குரல், ஒரு கீறல் கிடையாது. கல்யாண மண்டபத்து இசைக்குழுவில் எவன் வேண்டுமானாலும் அப்படிப் பாடுவான்.

“எப்பிடிங்ணா இருக்குது?” என்றான் செந்தில்வேல். முகமெல்லாம் சிரிப்பு. “மூச்சு இப்ப அடிவயித்துலருந்து வருதுங்ணா. இத்தன நாளா நான் பாடுனதே இல்லையாட்ட இருக்குது.”

“நெம்ப நல்லா இருக்குது தம்பி,” என்றேன்.

வருகிற வழியில் காரை ஓரங்கட்டி அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. அவன் குரல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது யாருடையது? என் பட்டறையில், என் மிஷினில், என் பஞ்சில் எழும்பிய குரல் அது. கையெழுத்துப் போட்டு ஊரே ஏற்றுக்கொண்ட சாம்பிள். அதைக் கறை என்று நினைத்துக் கழுவிவிட்டு வந்து என்னிடமே நன்றாக இருக்கிறதா என்று கேட்டான்.

அந்தச் சமயத்தில் செல்போன் கடையை மூடிவிட்டார்கள். தேஜஸ்ரீ முழுகாமல் இருந்தாள். நான் அவனைக் கூப்பிட்டு, மிஷினைத் தொட வேண்டாம், சூப்பர்வைசராக உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும் என்றேன். குடோனில் ஒரு மூலையைத் தடுத்து ரெக்கார்டிங் ரூம் கட்டித் தருகிறேன், ஆல்பத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டான். சொன்னபடியே கட்டியும் கொடுத்தேன், நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

குளிர்நாட்டு ஆர்டர் எல்லாம் நமக்கு வெயில் காலத்தில்தான் ஓடும். சீசன் உச்சத்தில் இருந்தது. அவனுடைய மேஜையை மிஷினுக்குப் பின்பக்கம், பஞ்சு வெளியே தள்ளுகிற இடத்தில் போடச் சொன்னேன். காற்றை வெளியே இழுக்கிற ஃபேனின் மோட்டாரைக் கழற்றி, உள்ளே காயில் எரிந்துவிட்டது, புதிதாகச் சுற்றக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது என் வீட்டுக் கார் ஷெட்டில் சாக்குக்குள் இருந்தது. மாஸ்க் பெட்டிகள் என் பீரோவில் இருந்தன.

பட்டறை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கப் பையர் தரப்பிலிருந்து ஆடிட் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தது. ஆடிட்டுக்கு முதல் நாள் மோட்டாரை மாட்டினோம், எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தோம், மருந்துப் பெட்டியில் புதுப் பஞ்சு வைத்தோம். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்கள். ஆடிட் அன்றைக்கு இந்த ஊரே யோக்கியமாகத்தான் இருக்கும், இதில் நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. மறுநாள் எலெக்ட்ரீசியன் வேல்குமார் மோட்டாரைக் கழற்றும்போது, “எதுக்குங்க மறுக்காக் கழட்டறது? நல்லாத்தானுங்க ஓடுது,” என்றான். சத்தம் வருகிறது என்றேன். அவன் சொன்னதைச் செய்கிறவன், அவனை விட்டுவிடுங்கள்.

அங்கே வேலை செய்த மற்றவர்களும் அதே காற்றைத்தானே சுவாசித்தார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். அவர்கள் பாடுகிறவர்கள் இல்லையே.

வாராவாரம் சம்பளம் கொடுத்து முடிந்ததும் அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டு இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்பேன். கண்ணை மூடிக்கொள்வேன். ரோல் தடவுவது மாதிரிதான். பாசத்தில் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆசையாகப் பாடுவான். கொஞ்ச காலம் ஒன்றும் தெரியவில்லை, எனக்கே மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் ஒரு வாரம், மேலே போகிற இடத்தில் லேசாக ஒரு கீறல் விழுந்தது. அவன் இருமிக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். எனக்கு எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சூடாகப் பால் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன்.

தேஜஸ்ரீ ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். நிறைமாதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணா, அவர வேற எடத்துக்கு மாத்தி உடுங்கண்ணா. ஊட்டுல படுத்தா மூச்சு இழுக்குதுங்க. மறுக்காப் பஞ்சுக்குள்ள நின்னா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. மூச்சுல இழுக்கற மருந்து கையிலயே வெச்சிருக்கோணுமாமா.”

“அவனுக்கு நான் கெடுதல் நெனப்பனா அம்மிணி? சீசன் முடியட்டும், ஆல்பமும் முடிஞ்சுரும். அதுக்கப்பறம் அவன் பஞ்சுப் பக்கமே வர வேண்டாம்.”

“நீங்க சொன்னாத்தானுங்க அவரு கேக்கறாரு. நான் சொன்னா, அண்ணன் நமக்காவ ரூமே கட்டிக் குடுத்திருக்கறாருன்னு சண்டைக்கு வர்றாருங்க.”

“நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ கண்ணு,” என்றேன். கார் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

ஆக, டாக்டர் சொன்னது எனக்குத் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். தெரியும்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கிடாரும் டிரம்ஸும் ஏற்கெனவே எடுத்து முடித்தாகிவிட்டது, குரல் மட்டும் சேர்க்க வேண்டும். தமீம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினான். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போ, நாங்கள் ஒத்திகை மாதிரி எடுத்துப் பார்க்கிறோம் என்றேன். சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

செந்தில்வேல் முதலில் பாடியபோது சரியாக வரவில்லை. நடுவில் அந்த மருந்தை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான், அடுத்த வரியே தெளிவாகிவிட்டது. எனக்கு மண்டை காய்ந்தது. தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனான். மேஜைமேல் இருந்த மருந்தை எடுத்து நான் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி பாடினான். அடடா, மேடம். முதல் ஆல்பத்தில்கூட அப்படி ஒரு குரல் இல்லை. துணி கிழிவது மட்டுமில்லை, நூல் நூலாகப் பிரிவது கேட்டது. பாதியில் நிறுத்தி மேஜையைத் தடவினான், கீழே குனிந்து தேடினான். “அண்ணா, மருந்தப் பாத்தீங்ளா?” என்றான். இங்கேதான் இருக்கும், இன்னும் ஒரு சரணம்தான், முடித்துவிடு தம்பி, தேடித் தருகிறேன் என்றேன். நான் சொன்னால் கேட்பான். பாடினான். கடைசி வரியில் அவனுக்கு மூச்சு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். பதிவானது சேவ் ஆகிவிட்டதா என்று பார்த்தேன். அதை என் போனுக்கும் ஒன்று ஏற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரை நம்ப முடியாது. அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து ஆளைக் கூப்பிட்டேன். மருந்து அப்போதும் என் பையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், வேகமாகவே ஓட்டினேன். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஆகவே, ஆமாம். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனசை அறுக்கிறது. காலையில் தேஜஸ்ரீ பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள், நான் இந்த அறையிலிருந்து பார்த்தேன். குழந்தை விடாமல் அழுதது. அவள் போனை எடுத்து, அவன் செல்போன் கடையில் இருந்த நாட்களில், பிறக்கப்போகிற பிள்ளைக்காக வீட்டில் பாடிய ஒரு தாலாட்டைப் போட்டாள். உங்கப்பா பாடறாரு பாரு, உங்கப்பா பாடறாரு பாரு என்று அதன் காதில் வைத்தாள். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அந்தத் தெளிந்த குரல்தான், ஒரு கீறல் இல்லாதது. விவரம் தெரியாத பிள்ளை, அப்பன் குரல் என்று தப்பான ஒன்றைக் கேட்டு வளரக் கூடாது, மேடம். சரியானது என் போனில் இருக்கிறது. அதை அவளுக்கு அனுப்பி வையுங்கள்.