பம்பர்ல நாலு கண்ணு

மணி மூணு பத்து. பாலம் தாண்டினா ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது... ஒரு கடை கிடையாது. ஒரு பக்கம் தண்ணி. இன்னொரு பக்கம் ஆளு உயரத்துக்கு நாணல். அந்த ரோட்டுல ஒரே ஒரு காரு. காருக்குள்ள ஒரே ஒரு ஆளு.

இந்தக் கதையை இப்படித்தான் ஆரம்பிக்கணும். என்கிட்ட சொன்னவனும் இப்படித்தான் ஆரம்பிச்சான். உங்க ஆஃபீஸ்லேர்ந்து இன்னொருத்தர் இறங்கி வந்து நம்ம வண்டியில ஏற இருபது நிமிஷம் ஆகுமாம். அதுவரைக்கும் நாம என்ன பண்றது, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கிறதா? குளிருதுன்னா ஒட்டி உக்காருங்க. மேடம், உங்க பக்கக் கதவு சரியா சாத்தலை போல... ம். இப்ப சரி.

எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி ஒருத்தன், அவனும் என்னை மாதிரி ராத்திரி வண்டி ஓட்டுறவன். அவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. ரொட்டி ஃபேக்டரில ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசர். பேரு எதுக்கு? ஃபேக்டரில எல்லாரும் அவரை 'கொட்டாவி'ன்னுதான் சொல்வாங்க. நாலு வார்த்தை பேசினா நடுவுல ரெண்டு கொட்டாவி வரும். ஆறு வருஷமா ராத்திரி வேலை. பகல்ல தூங்குறதெல்லாம் ஒரு தூக்கமா சார்... உங்களுக்குத் தெரியாததா?

அவருக்கு ஒரே பொண்ணு. நாலு வயசு. எட்டு வருஷம் காத்திருந்து பொறந்தவ. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கூட கழட்ட மாட்டாராம். நேரா அவ ரூமுக்குப் போய், நெத்தியைத் தொட்டுப் பாத்து, போர்வையை இழுத்து விட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அந்தப் பாழாப்போன ரோட்டுல கண்ணைத் திறந்து வச்சிருக்கேன்னு சொல்வாராம்.

ஒருநாள் சாயங்காலம். வேலைக்குக் கிளம்பி, வண்டியை ரிவர்ஸ்ல கேட்டுக்கு வெளிய எடுக்குறாரு. 'டொக்'னு ஒரு சத்தம். கேட்டு லேசா உரசுதுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் விட்டாரு... 'கறக்'. இறங்கிப் பாத்தா பம்பருக்கு அடியில அவ மூணு சக்கர சைக்கிள். முன்சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சு கிடக்கு. ஒரு சாண் தள்ளி அவ நிக்கிறா.

"அப்பா, என் சைக்கிள்..."

மனுஷன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அக்கா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டா. அப்புறம் சொன்னா: "பின்னாடி ஏதாவது இருந்தா பீப்புனு கத்துமே, அதை மாட்டுங்க. மாட்டாம இந்த வண்டியை வீட்டு வாசல்ல எடுக்காதீங்க."

கடையில குடுத்திருக்கலாம். ஆனா கடை திறக்கிற நேரத்துலதான் இவரு படுப்பாரு. ரெண்டாவது, வீடியோ பாத்துட்டாரு. வீடியோ பாத்தவங்க கிட்ட நாம பேச முடியுமா? "நாலு ஓட்டை, நாலு வயர். இதுக்கு எதுக்கு மெக்கானிக்?"ன்னாரு. டப்பாவை வாங்கிட்டு வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை மதியம், ராத்திரி முழுக்க முழிச்ச கண்ணோட, வாசல்ல சாக்கை விரிச்சுப் படுத்துட்டாரு.

குறை சொல்லக் கூடாது. பம்பர்ல டேப் ஒட்டி, அளந்து, தரையிலேர்ந்து அரை மீட்டர் உயரத்துல நாலு புள்ளி வச்சு, டிரில்லரால நாலு ஓட்டை போட்டாரு. நாலு கண்ணையும், அதான் அந்த சென்சாரை, அமுக்கி உள்ள விட்டாரு. வயரை டிக்கிக்குள்ள கொண்டு போனாரு. குட்டி டிஸ்பிளேயை டேஷ்போர்டு மேல ஒட்டினாரு. பின்னாடி எதாவது இருந்தா எத்தனை மீட்டர்னு அதுல நம்பர் வரும். கிட்ட வர வர பீப் சத்தம் வேகமாகும்.

எல்லாம் சரி. கடைசியில சிவப்பு வயர். அது ரிவர்ஸ் பல்பு வயரோட சேரணும். அப்பத்தான் ரிவர்ஸ் கியர் போட்டா மட்டும் வேலை செய்யும். மனுஷனுக்குக் கண்ணு சொருகுது... பக்கத்துல இருந்த பின் லைட் வயர்ல சுத்தி, டேப் போட்டு ஒட்டிட்டாரு. இருட்டின பிறகு லைட் போட்டு, ரிவர்ஸ் எடுத்துப் பாத்தாரு. பீப் பீப்புனு நல்லா கத்துச்சு. போய்ப் படுத்துட்டாரு.

புரியுதா சார் என்ன ஆச்சுன்னு? ராத்திரி லைட் போட்டா, வண்டி முன்னாடி போனாலும் சரி, பின்னாடி வந்தாலும் சரி, அந்த நாலு கண்ணும் முழிச்சிக்கிட்டே இருக்கும். பின்னாடி எதையாவது பாத்துக்கிட்டே இருக்கும்.

மறுநாள் ராத்திரி சிக்னல்ல ஒரு பைக்காரன் பின்னாடி வந்து நின்னதும் பீப்புனு கத்துச்சு. அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்னு விட்டுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை தூங்கிட்டாரு.

அந்த வாரம்தான்... பாலத்தைத் தாண்டி புதுசா தார் போட்டிருந்தாங்க. ஜல்லி தெறிச்சு மட்கார்டுல 'டிக் டிக்'னு அடிக்கும். கண்ணாடியை ஏத்தி விட்டாலும் தார் வாசனை உள்ள வரும். மணி மூணு இருபது இருக்கும். அறுபதுல போயிட்டிருக்காரு. ரோடு காலி.

பீப்.

டிஸ்பிளேல 2.4.

கண்ணாடியில பாத்தாரு. இருட்டு. வண்டி லைட் எதுவும் இல்ல.

பீப்... பீப்... 2.2. அப்படியே நின்னுச்சு. அறுபதுல போற வண்டிக்குப் பின்னாடி, ரெண்டேகால் மீட்டர்ல, கூடவே எதோ வருது. ஒன்பது கிலோமீட்டரும் வந்துச்சு. அவரு தெருமுனை விளக்குக் கம்பத்தைத் தாண்டினதும் நம்பர் பட்டுனு அணைஞ்சு போச்சு.

சேறு ஒட்டியிருக்கும்னு மறுநாள் துணி எடுத்து நாலு கண்ணையும் துடைச்சாரு. ராத்திரி மறுபடியும் அதே இடம். பாலம் தாண்டி நூறு அடி. பீப்.

இங்கதான் சார் நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? வேற ரோட்டுல போவீங்க. வயரைப் பிடுங்குவீங்க. அந்த மனுஷன் ஒண்ணும் பண்ணலை. அசதி. பயப்படுறதுக்குக் கூட உடம்புல தெம்பு வேணும்ல? அதுவுமில்லாம, முன்னாடியெல்லாம் அந்த ரோட்டுல அவருக்குக் கண்ணு அசந்து போகும். ஒரு தடவை மைல் கல்லுல உரசியிருக்காரு. இப்ப அந்த பீப் சத்தம் தூங்க விடாது. "துணைக்கு ஒருத்தர் வர்ற மாதிரி இருக்குடா"ன்னு என் கூட்டாளிகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்காரு.

ஆனா ஒண்ணைக் கவனிச்சு வச்சிருந்தாரு. அறுபதுல போனா ரெண்டு மீட்டர். ஐம்பதுக்கு இறங்கினா 1.2. நாப்பதுக்கு வந்தா 0.6, பீப்பு விடாம கத்தும். அதனால நம்பர் குறைஞ்சா ஆக்சிலரேட்டரை மிதிப்பாரு. நம்பர் ஏறும். தெருமுனை வரும். அணையும். தினமும் இதே பாடு.

ஒரே ஒரு நாள் கண்ணாடியை இறக்கிப் பாத்திருக்காரு. காத்து சத்தம். ஜல்லி சத்தம். அதுக்கு நடுவுல... தப். தப். தப். தப். செருப்பு போடாத கால் சத்தம். கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்குற சத்தம். ஷிஃப்ட் முடிஞ்சு படியேறும்போது தனக்கு வருமே, அதே மாதிரி இருந்துச்சாம். கண்ணாடியை ஏத்திட்டாரு. அப்புறம் இறக்கவே இல்ல.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது வேற. ஒரு சனிக்கிழமை காலையில கடைக்குப் போயிட்டு வந்து, வண்டியை ரிவர்ஸ்ல உள்ள விடுறாரு. பகல், லைட் போடலை. சென்சார் செத்துக் கிடக்கு. பின்னாடி பொண்ணு வளைஞ்ச சைக்கிளை இழுத்துட்டு வர்றா... அக்கா போட்ட சத்தத்துல பிரேக் அடிச்சாரு.

"எவளுக்காக வாங்கினோமோ அவளைக் காட்டாத மிஷினு எதுக்குங்க? நாளைக்குச் சரி பண்றீங்களா, இல்ல நானே சுத்தியலை எடுத்துட்டு வரவா?"

மறுநாளே மாத்திட்டாரு. சிவப்பு வயரை வெட்டி, ரிவர்ஸ் பல்பு வயர்ல சரியா சேத்து, டேப் சுத்தினாரு. அக்கா பம்பருக்கு நேரா ஒரு தலையணையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி நின்னு பாத்தா. ரிவர்ஸ் போட்டா பீப். எடுத்தா அமைதி. ரொம்ப நாள் கழிச்சு வீட்டுல ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அடுத்த நாள் ராத்திரி... மூணு பத்து. பாலம்.

டிஸ்பிளே இருட்டா இருக்கு. சத்தமே இல்ல. ஜல்லி மட்டும் டிக்... டிக்... மிஷின் சரியாயிடுச்சு, வயர் தப்புனால வந்த கோளாறுதான் எல்லாம்னு நினைச்சுக்கிட்டாரு. நிம்மதி. நிம்மதி வந்தா தூக்கம் வரும்ல? கண்ணு சொருகச் சொருக, வண்டி ஐம்பதுக்கு வந்துச்சு... நாப்பதுக்கு வந்துச்சு. முப்பதுல கூட ஓட்டியிருக்காரு. மிதின்னு சொல்ல அங்க எந்தச் சத்தமும் இல்ல. தார் வாசனை மட்டும் என்னைக்கும் இல்லாத அளவுக்கு உள்ள நிறைஞ்சிருந்துச்சாம். தெருமுனை விளக்கைத் தாண்டின பிறகும் அது போகலை.

வீடு வந்துச்சு. மணி மூணரை ஆகப் போகுது. சைக்கிள் நசுங்கின நாளுக்கு அப்புறம் அவரு ராத்திரியிலயே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ்லயே உள்ள விடுவாரு. சாயங்காலம் கிளம்பும்போது முன்பக்கமா எடுக்கலாமில்ல? கேட்டைத் திறந்தாரு. வண்டியில ஏறி ரிவர்ஸ் போட்டாரு.

பீ........................

நிக்காத சத்தம். டிஸ்பிளே சிவப்பு. 0.0.

பிரேக்கை அமுக்கிட்டுத் திரும்பிப் பாத்தாரு. ரிவர்ஸ் பல்பு வெளிச்சத்துல வாசல் தெரியுது. படி தெரியுது. வேற ஒண்ணும் இல்ல. இறங்கிப் பாக்கணும்னு கை கதவுகிட்ட போச்சு... திறக்கலை. அப்படியே உக்காந்திருந்தாரு.

அப்புறம் சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பிச்சுது. 0.4. பீப் பீப் பீப். 0.9. பீப்... பீப். 1.5. யாரோ அவசரமே இல்லாம பம்பரை விட்டு விலகிப் போற மாதிரி. 2.1. 2.4.

அணைஞ்சு போச்சு.

அப்பாடான்னு மூச்சு விட்டாரு சார். போயிடுச்சுன்னு நினைச்சாரு. ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சு ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தாரு. அப்புறம்தான் அவருக்கு உறைச்சது. வண்டி ரிவர்ஸ்ல நிக்குது. முன்பக்கம் தெரு. பின்பக்கம்...

பின்பக்கம் வீடு.

ஓடினாரு. வாசக்கதவு பூட்டு போட்டபடி இருக்கு. சாவி ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. உள்ள எல்லாம் எப்பவும் போலத்தான். ஃபிரிட்ஜ் சத்தம். அக்கா அவங்க ரூம்ல தூங்குறா. ஷூவோட நேரா பொண்ணு ரூமுக்குப் போனாரு.

தூங்கிட்டுதான் இருந்தா. நெத்தியைத் தொட்டாரு. சூடு இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா என்னைக்கும் கட்டில் நடுவுல கையைக் காலை விரிச்சுப் போட்டுத் தூங்குற பிள்ளை, அன்னைக்கு சுவத்தோட ஒட்டி, ஒடுங்கிப் படுத்திருந்தா. முக்கால் கட்டில் காலி. போர்வையும் அந்தக் காலிப் பக்கம்தான் விரிச்சுக் கிடந்துச்சு.

"ஏன்டா கண்ணு ஓரமா படுத்திருக்கே? நடுவுல வா."

பாதித் தூக்கத்துல, கண்ணைத் திறக்காமலே சொன்னா:

"சத்தம் போடாதப்பா... இப்பத்தான் படுத்தாங்க. தினமும் உன் காரு பின்னாடியே ஓடி வந்தாங்களாம். கால் வலிக்குதாம்."

அந்த ரோட்டைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை அவரு சொன்னதில்ல.

அந்தக் காலிப் பக்கத்துப் போர்வையை ஓரத்துல பிடிச்சு மெதுவா தூக்கினாரு. யாரும் இல்ல. தலையணையில ஒரு குழி. நாலு வயசுப் பிள்ளையோட கால் எட்டாத தூரத்துல, கட்டில் கால்மாட்டுல, வெள்ளை விரிப்பு மேல... ஈரத் தார். அதுல ஒட்டின ரெண்டு ஜல்லி.

தொட்டுப் பாத்தாரு. இன்னும் சூடு ஆறலை.