முடிக் காணிக்கை

திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த வருஷம். திருப்பதியிலிருந்து மெட்ராஸ் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒருவர் சோர்ந்து சாய்ந்திருந்தார். மொட்டைத் தலையில் கட்டிய துண்டு ரத்தத்தில் நனைந்திருந்தது. அவர் மனைவி மாமியாரிடம் சீறினாள்.

"ஈரல் கெட்டு மண்ணீரல் வீங்கிக்கினு கீது, ரத்தத்தை உறைய வைக்கிற அணுவையெல்லாம் அதே துன்னுதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஆபரேஷன் பண்ணி அதை எடுக்கிற வரைக்கும் சின்னக் கீறல்கூட படக்கூடாதுன்னாரா இல்லையா?"

"வேண்டுதலைத் தீர்க்காம ஆஸ்பத்திரிக்குப் போனா சாமி சும்மா உடுவாராடி?"

"சாமி முடியைத்தான் கேட்டாரு அத்தே, அதுவும் பொழைச்சு வந்தப்புறம். ரத்தத்தை நீங்கதான் குடுத்தீங்க."