போணி கிளாஸ்

டீ பரவாயில்லை. டீப் பையைக் கப்பிலேயே விட்டுவிட்டீர்கள், கடைசி வாய் கொஞ்சம் கசக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அபர்ணா அம்மா, இதையும் டிடெக்டிவ் அம்மாவுக்கு மொழிபெயர்த்துவிடுங்கள். எதிலும் நொட்டை சொல்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடக் கூடாது.

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆக்லாந்து டவுனில் இத்தனை வருடம் பார் நடத்தியவனுக்கு வராமல் இருக்குமா? தமிழில்தான் பேசுவேன் என்று கேட்டதற்குக் காரணம் வேறு. நடுவில் ஒரு தரகர் இருந்தால் அடுத்த வார்த்தையை யோசிக்க அவகாசம் கிடைக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, தரகு கௌரவமான தொழில்.

எங்களுக்கு மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. அங்கே வளர்ந்த பிள்ளை நடக்கப் பழகும் முன்பே பேரம் பேசப் பழகிவிடும். புடவையை விரித்து விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தை. எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. முதலில் வாய் திறந்தவர் இறங்கி வந்தே தீருவார்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொலை என்கிறீர்கள். நான் கவனக்குறைவு என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

செபஸ்ரியன் என் கூட்டாளி. மன்னார்க்காரர், நல்ல மனிதர். பீர் காய்ச்சுவது அவர், விற்பது நான். நாங்கள் கடை போட்ட காலத்தில் டவுனில் கிராஃப்ட் பீருக்கு, அதாவது சின்ன ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற பீருக்கு, ஒரு பக்தியே இருந்தது. தாடி வைத்த பையன்கள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பாஷன்ஃப்ரூட் வாசம், பைன் மர வாசம் என்று கண்ணை மூடிக்கொள்வார்கள், தீபாராதனை காட்டுகிற மாதிரி. அப்புறம் சுரங்க ரயிலுக்கு என்று தெருவைத் தோண்டினார்கள். கொரோனா வந்தது. ஆபீஸ்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகினார்கள். பக்கத்து பார்கள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. இப்போது வருகிற பிள்ளைகள் ஆல்கஹால் இல்லாத பீர் ஒன்றை வாங்கி, சாயங்காலம் முழுக்க அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலி காலியாக இருந்தாலாவது வேறொருவர் உட்காரலாம்.

எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சரக்கு. செபஸ்ரியனின் புளி பீர். சான்ட்ரிங்ஹாம் மளிகைக்கடைப் புளியை வைத்து அவர் என்னவோ செய்வார். ஒரு முறை குடித்தவர் தேடி வருவார். சிட்னியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அந்தச் செய்முறையை விலைக்குக் கேட்டது. பார் அவர்களுக்கு வேண்டாம். ஒரே நிபந்தனை, செய்முறை வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. அது கைகூடினால் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கிற என் வீட்டு மார்ட்கேஜ் தீரும், நான் நிம்மதியாகத் தூங்குவேன். கூடாவிட்டால் கடையும் போகும், வீடும் போகும்.

இந்த பீர் காய்ச்சுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொழில் ரகசியத்தை ஒருவருக்கொருவர் சும்மா சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் தெருவில் இப்படி ஒருவன் செய்தால் வீட்டார் வைத்தியம் பார்க்கக் கூட்டிப்போவார்கள்.

திங்கட்கிழமை செபஸ்ரியன் என்னிடம் சொன்னார். "ரங்கண்ணை, சனிக்கிழமை புரூவர்மாரின்ர கூட்டம். புளி பீரை எப்பிடிச் செய்யிறதெண்டு எல்லாருக்கும் சொல்லப்போறன்."

"ஓசியிலயா?"

"ஓம். கடை எப்பிடியும் மூடுப்படப் போகுது. பீராவது இருக்கட்டுமே."

"செபஸ், ஊருக்கே அள்ளிக் கொடுத்துட்டா கம்பெனிக்காரன் அப்புறம் எதை வாங்குவான்? உங்க தாடியையா?"

"தாடிக்கும் நல்ல விலை சொல்லுங்கோவன்" என்று சிரித்தார். பிறகு, "இது என்ரை கை அண்ணை. கையை விக்கேலாது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் காத்தேன். அவரானால் விசிலடித்துக்கொண்டே கிளாஸ் கழுவப் போய்விட்டார். என் வாழ்க்கையில் மௌனத்துக்கு மசியாத முதல் ஆள் அவர்தான். செய்முறை எனக்கும் தெரியும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்; பக்கத்தில் நின்று பார்த்தே பழகியிருந்தேன்.

கீழே நிலவறையில் குளிர் அறை. பீப்பாய்களும், பீருக்கு நுரை ஏற்றுகிற கார்பன் டை ஆக்சைடு காஸ் சிலிண்டர்களும் அங்கேதான். ஒரு குழாய் இணைப்பு கசிகிறது, உள்பக்கக் கைப்பிடியும் உடைந்திருக்கிறது, ரெண்டையும் திருத்துங்கோ என்று செபஸ்ரியன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆளைக் கூப்பிட்டேன். அவன் ஒரு விலை சொன்னான், நான் பாதி சொன்னேன், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இந்த ஊர் ஆட்களுக்குப் பேரம் பேசத் தெரியாது. போகிறவனைத் திரும்பக் கூப்பிடுவோம் என்பதுகூடத் தெரியாது. அதன் பிறகு ஒரு ஃபேன்தான் கசிகிற காஸை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தோம்.

வியாழக்கிழமை மதியம் ஃபேன் ஓடவில்லை. கட்டையும் இடத்தில் இல்லை. இதைத்தான் கவனக்குறைவு என்கிறேன்.

டிடெக்டிவ் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஃபேனைக் காலையில் அணைத்தது நான். காஸ் கசிவுக்கு வைத்திருந்த அலாரத்தின் பேட்டரியையும் கழற்றினேன். அது அடிக்கடி காரணமில்லாமல் கத்தும், எனக்குத் தலைவலி.

அவர் அங்கே எதற்குப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அன்றைய முதல் விற்பனையைப் போணி என்போம். போணி நன்றாக அமைந்தால் நாள் நன்றாக அமையும். இதை நான் சொன்னதிலிருந்து செபஸ்ரியன் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கடை திறக்கும் முன் தனியாகக் கீழே போவார், பீப்பாயிலிருந்து முதல் கிளாஸைப் பிடிப்பார், சிலுவைக்குறி போட்டுக் குடிப்பார். மேலே வந்து, "போணியாச்சு, கதவைத் திறவுங்கோ" என்பார். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. அது நான் போட்ட சட்டம். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம்.

அன்றைக்கும் போனார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இன்னும் மௌனமா? நல்லது, மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன். கட்டையை எடுத்தவனும் நான்தான்.

கொஞ்ச நேரத்தில் கீழே தட்டும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அஞ்சலினா வந்தாள், அவருடைய மகள். யுனிவர்சிட்டி முடிந்து வந்து கவுண்டரில் நிற்பாள்.

"ஹாய் அங்கிள். வாட்ஸ் தட் நாய்ஸ்?"

"கம்ப்ரஸர்மா. உங்கப்பா மாதிரி அதுக்கும் வயசாயிடுச்சு."

"டாட் எங்க?"

"போணி நேரம்மா, தெரியாதா?"

அவள் சிரித்துக்கொண்டே பையைக் கழற்றினாள். சத்தம் மறுபடி வந்தது, முன்னைவிட மெதுவாக. அவள் படிக்கட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தாள். "நிஜமாவே கம்ப்ரஸரா அங்கிள்? இட் சவுண்ட்ஸ் வியர்ட்."

"புளி தீர்ந்துபோச்சும்மா, உங்கப்பா வாங்கிட்டு வரச் சொன்னார். சான்ட்ரிங்ஹாம் பஸ் இப்ப வந்துடும், ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடும்மா. விதை எடுத்த புளி வேணாம், அவருக்குப் பிடிக்காது" என்றேன்.

"ஓகே, ஓகே" என்று ஓடினாள். அதன் பிறகு கீழே சத்தம் இல்லை.

வெளியே ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியைத் தட்டினார். இன்னும் திறக்கும் நேரம் ஆகவில்லைதான். ஆனாலும் போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. புளி பீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். இன்றைக்கு அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஃபேனைப் போட்டேன், கதவைத் திறந்து வைத்தேன், அறை காற்றாடட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பெண் திரும்பி வந்து தானே இறங்கிப் போகும்போது ஆபத்து எதுவும் இருக்கவில்லை. அதில் நான் கவனமாகவே இருந்தேன். அவள் வாங்கி வந்த புளிப் பொட்டலம் இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறது, விதையோடு.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். காஸ் நிறைந்த அறையில் ஒருவர் விழுந்தால், தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் செபஸ்ரியன்தான். அந்தப் பிள்ளை அப்பாவைத் தேடிப் படியிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தடுத்தது யார்? அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றிய ஒரே ஆள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று போனது, ஒன்று தங்கியது. வியாபாரத்தில் இதை நஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செபஸ்ரியனே இருந்தால் எனக்கு நன்றிதான் சொல்லியிருப்பார்.

ஏன் அபர்ணா அம்மா, இதை மட்டும் மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? நீங்களும் டிடெக்டிவ் அம்மாவும் ஏதாவது பேசுங்களேன். இவ்வளவு நேரமும் நான் ஒருவன்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.